வெளிர்பச்சைத் தூள்

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால் நாலு தேறவில்லை. மூன்று சொல்கிறேன். கை சுத்தம். கண் கூர்மை. பொய் பேசமாட்டாள். இந்த மூன்றும் ஒரே மனுஷியிடம் சேர்ந்திருந்தால் கூட இருப்பவர்கள் என்ன பாடு படுவார்கள் என்பது எங்கள் ஆய்வகத்தில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும்.

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி. வேதியியல் துறை, இரண்டாவது மாடி, கடைசி அறை. ஒரு பக்க ஜன்னலில் மலை தெரியும். மறுபக்க ஜன்னலில் கல்லூரி வாசலும் பஸ் நிறுத்தமும் தெரியும். அந்த அறையில்தான் நாங்கள் பிஎச்.டி. பட்டத்துக்காக உழன்றுகொண்டிருந்தோம். அவள் எங்கள் எல்லாருக்கும் சீனியர். என்னைவிட ஆறு வயது பெரியவள். எல்லாரும் அக்கா என்போம். சார் என்று நாங்கள் கூப்பிட்ட வழிகாட்டிப் பேராசிரியர்கூட, அவள் இல்லாத நேரத்தில், 'உங்க அக்கா வந்துட்டாங்களா?' என்று கொஞ்சம் பயந்த மாதிரிதான் கேட்பார்.

அக்கா உள்ளே வந்ததும் முதல் வேலை, நேற்று துவைத்துக் கொடியில் காயப்போட்ட கையுறைகளைத் தொட்டுப் பார்ப்பது. ஒரு ஜோடியை ஒரு வாரம் ஓட்டுவாள். கையுறை போட்டதும் ஒவ்வொரு மேஜையாக ஒரு நடை. எதையும் தொடமாட்டாள், எதுவும் கேட்கமாட்டாள். ஒரு குடுவையின் முன் மட்டும் இரண்டு விநாடி கூடுதலாக நிற்பாள். அவ்வளவுதான். அந்தக் குடுவைக்காரனுக்கு அன்று சோறு இறங்காது.

ஏனென்றால், யார் வேலையில் தப்பு இருந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும். ஆனால் சொல்லமாட்டாள். நாமாகக் கண்டுபிடித்து நாமாகச் சொல்லும்வரை காத்திருப்பாள். நாளோ, மாதமோ, அவளுக்கு ஒன்றுதான்.

எங்களோடு வசந்தி என்று ஒரு பெண் இருந்தாள். வாயில்லாப் பூச்சி. ஒரு ரியாக்‌ஷன் அவளுக்கு வரவே இல்லை. வெப்பத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், கரைப்பானை மாற்றினாள், பெரிய கோயிலில் விளக்குக்கூட ஏற்றினாள். இரண்டு மாதம் போனது. ஒரு நாள் அவளே அலமாரியில் இருந்து எடுத்துத் தினமும் அதில் சேர்த்துவந்த சோடியம் ஹைட்ரைடு டப்பாவைத் திறந்து கொஞ்சம் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். உயிருள்ள சரக்காக இருந்தால் சீறி நுரைத்திருக்கும். இது சும்மா கிடந்தது. மழைக்காலத்தில் யாரோ மூடியைச் சரியாக மூடாமல் விட்டு, ஈரம் ஏறி டப்பாவே செத்துப் போயிருந்தது.

'ஈரம் ஏறிடுச்சுக்கா' என்று வசந்தி அழுதாள்.

'தெரியும். மூடாம விட்டது நீதான். நான் பாத்துட்டுதான் இருந்தேன்' என்றாள் அக்கா.

'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?'

'சொல்லியிருந்தா அடுத்த டப்பாவையும் மூடாம விட்டிருப்ப.' ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, 'எழுது' என்றாள்.

எழுது என்றால் நோட்டில் எழுதுவது. எங்கள் அறையில் அக்கா வைத்த சட்டம் அது. கெட்டுப்போனது எதுவாக இருந்தாலும், கெடுத்த ஆள் தன் கையால், மையால், அடித்தல் இல்லாமல் நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை பதினோரு மணிக் கூட்டத்தில் எழுந்து நின்று அதை வாசிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வாசிக்கக்கூடாது, சார் வாசிக்கக்கூடாது. செய்தவர் வாயாலேயே வர வேண்டும். வாசித்து முடித்ததும் அக்கா, 'சரி, செத்துப்போச்சு. அடுத்தது' என்பாள். வசந்தி வாசித்த அன்று நடுவில் இரண்டு முறை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

இது ஆய்வகத்தோடு நின்ற குணம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையை வசந்திதான் சொன்னாள், அவள் கூட இருந்தாள். அக்காவுக்கு அப்பா இல்லை. அம்மா ரவிக்கை தைத்துப் பிள்ளையை வளர்த்தவர். வயது ஏறிக்கொண்டே போகிறதே என்ற கவலையில், அந்த அம்மா ஜாதகத்தில் மூன்று வயதைக் குறைத்துப் புதிதாக எழுதி வாங்கியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. தட்டு மாற்றலாம் என்று எழுந்துவிட்டார்கள். அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து, 'அம்மா, நீ ஏதோ சொல்லணும்ல' என்றாளாம்.

'ஒண்ணுமில்லடி' என்றார் அம்மா.

'இருக்கு. சொல்லு.'

கூடம் மொத்தமும் அந்த அம்மாவையே பார்த்தது. கையில் வெற்றிலைத் தட்டோடு நின்ற அம்மா, ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ நின்றுவிட்டு, கடைசியில் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். 'முன்னாடியே நீங்க வேண்டாம்னு தடுத்திருக்கலாம், இல்ல நீங்களே சொல்லியிருக்கலாம்' என்று வசந்தி கேட்டதற்கு, 'ஜாதகம் எழுதினது நானா?' என்றாளாம். பெற்ற தாயை ஊர் முன்னால் நிறுத்தி வைக்க ஒருத்திக்கு எப்படி மனசு வரும் என்று எனக்கு அப்போதே அவள் மீது ஒரு வெறுப்பு விழுந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் வந்திருக்கமாட்டேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தவை நியூக்ளியோசைடு போன்ற சேர்மங்கள். உடம்பில் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும் முன் தன் சுவடியை ஒரு படி எடுத்துக்கொள்கிறது. அந்தச் சுவடியின் எழுத்துகள் நான்கே நான்கு. ஒவ்வொரு எழுத்தும் ஒரு சர்க்கரையின் தோளில் உட்கார்ந்திருக்கும். சர்க்கரையும் எழுத்தும் சேர்ந்த அந்தத் துண்டுதான் நியூக்ளியோசைடு. அச்சு அசல் அதைப் போலவே ஒரு போலியைச் செய்து நடுவில் நுழைத்துவிட்டால், செல் அதை நம்பி எடுத்துக்கொள்ளும், படி எடுப்பது பாதியில் நின்றுபோகும். கிருமியைக் கொல்லும் மருந்து சிலதும், புற்றுநோய்க்கான மருந்து சிலதும் இந்த ஏமாற்று வேலைதான்.

என் போலியை நான் செய்த விதம் சுலபமானது. சர்க்கரையின் தோளில் ஒரு கொக்கி, இன்னொரு பொருளில் அதற்கேற்ற வளையம். இரண்டையும் கரைத்து, மயில்துத்தம் ஒரு சிட்டிகையும் வைட்டமின் சி உப்பு கொஞ்சமும் போட்டுக் கலக்கிவிட்டால் கொக்கி மாட்டிக்கொள்ளும். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட்தான். மாட்டிவிட்ட பிறகு அந்தத் தாமிரத்தை ஒட்டு இல்லாமல் கழுவி எடுக்க வேண்டும். அதுதான் தலைவலி. என் பொருள் தண்ணீரில் கரையும். ஒவ்வொரு முறை கழுவும்போதும் பாதிப் பொருள் தண்ணீரோடு போய்விடும். ஒன்பது மாத உழைப்பு சாக்கடையில் போவதைப் பார்க்க மனசு வராமல், ஒரே ஒரு முறை கழுவிவிட்டு நிறுத்திக்கொண்டேன். காய்ந்த தூள் மிக லேசான பச்சையாக இருந்தது. என் பொருளின் நிறமே அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

அன்று காலை அக்கா என் மேஜையருகே நின்றாள். இரண்டு விநாடி இல்லை, நான்கைந்து விநாடி. போய்விட்டாள்.

தூளைச் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ரத்தப் புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்த்து, அதன்மேல் போட்டுப் பார்த்தார்கள். செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துவிட்டன என்று முடிவு வந்தது. சாருக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகை நிருபரைக் கூப்பிட்டுவிட்டார். வந்த புகைப்படக்காரர் என் தூளைப் பார்த்து முகம் சுளித்து, 'ஏதாவது கலரா இல்லீங்களா சார்?' என்றார். ஒரு குடுவையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கரைத்துக் கையில் கொடுத்தார்கள். மறுநாள் ஊரெல்லாம் கத்தரிப்பூ நிறத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து, திருவண்ணாமலை மாணவர் சாதனை என்று தலைப்பு. அடி அண்ணாமலையில் எங்கள் அப்பா வைத்திருக்கும் பூஜை சாமான் கடையில் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. கூட்டத்தில் அக்கா இரண்டு காகிதங்களை என் முன்னால் வைத்தாள். 'வாசி' என்றாள்.

என் தூளில் கொஞ்சத்தை எனக்குத் தெரியாமல் எடுத்து, தாமிரம் சுத்தமாகப் போகும்வரை கழுவி, பால்வெள்ளையாக்கி, அதே சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். கூடவே வெறும் மயில்துத்தமும் ஒரு பொட்டலம். முதல் காகிதத்தில் என் வெள்ளைத் தூள்: ஒரு செல்கூடச் சாகவில்லை. இரண்டாவதில் மயில்துத்தம்: எல்லாம் செத்துவிட்டன. புற்றுநோய்ச் செல்களும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த நல்ல செல்களும்.

எழுந்து நின்று வாசித்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

'பச்சையா இருந்தத எப்ப பாத்தீங்க?' என்று கேட்டேன்.

'மொத நாளே.'

'அப்ப பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்.'

'உனக்கும்தான் தெரியும். நீயா எப்ப கேப்பேன்னு பாத்தேன்' என்றாள். 'சரி, செத்துப்போச்சு. அடுத்தது.'

பத்திரிகைக்கு மறுப்புக் கொடுக்க வேண்டாமா என்று வசந்தி கேட்டாள். காலேஜ் மானம் போய்விடும், ஜனங்கள் தானாக மறந்துவிடுவார்கள் என்றார் சார். அக்கா ஒன்றும் பேசவில்லை. கூப்பிட்டது சார், சொல்ல வேண்டியது சார். அவள் கணக்கு அப்படி.

ஜனங்கள் மறக்கவில்லை. அடுத்த புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் மாடியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற விவசாயி. கையில் துணிக்கடைப் பை. பையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள், அதற்கு மேலே நான்காக மடித்த பத்திரிகைப் பக்கம். செல்போனில் பெண்ணின் படத்தைக் காட்டினார். யாழினி, எட்டு வயது. தலையில் ஒரு முடி இல்லை, முன்பல் இரண்டும் இல்லை, அப்படியும் ஒரு சிரிப்பு.

'ஒரு வருசமா ஊசி போட்டாங்க. இப்ப ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்றாங்க, ஆனா இன்னும் ரெண்டு வருசம் மாத்திரை குடுத்துகினே இருக்கணுமாம். கொழந்தைக்கு வாயெல்லாம் புண்ணு. வாந்தி. மாத்திரைய எடுத்தாலே ஆட்டுக்கொட்டாய்ல போய் ஒளிஞ்சிக்குது. அதான் நம்ம ஊர்லயே கண்டுபுடிச்சிட்டாங்கன்னு பாத்ததும் வந்தேன்' என்றார்.

அக்கா அவருக்கு நாற்காலி போட்டு, ஆஸ்பத்திரிக் காகிதங்களை வாங்கிப் படித்தாள். அவள் யாருக்கும் நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

'அந்த மாத்திரையும் நாங்க இங்க செய்யறதும் ஒரே ஜாதிதாங்க. அரிசில கல்லு கலக்கற வேல. அவசர அவசரமா அள்ளித் தின்றவனுக்குத்தான் பல்லு ஒடையும். கேன்சர் செல்லு அவசரக்காரன். முடி வேரும் அவசரக்காரன், அதான் கொட்டிப்போச்சு. வாய், வயிறு எல்லாம் அப்படித்தான், அதான் புண்ணு, வாந்தி. புள்ளைக்குக் கஷ்டம்தான். ஆனா அதான் மருந்து. நிறுத்தினா விட்டுப்போனது திரும்ப வரும்' என்றாள். பிறகு என்னைக் காட்டி, 'பேப்பர்ல வந்தத செஞ்சது இவன். அதப் பத்தி இவன் சொல்வான்' என்று சொல்லிவிட்டு, உள்ளறையில் சூடேறிக்கொண்டிருந்த தன் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். காய்த்துப்போன கை. 'அந்தம்மா கல்லு நெஞ்சா இருக்காங்க. நீங்க சொல்லுங்க தம்பி. உங்க மொகத்த பேப்பர்ல பாத்துத்தான் வந்தேன். என் பொண்ணும் பாத்துச்சி. இந்த அண்ணன் மருந்து இனிப்பா இருக்குமானு கேட்டுச்சி.'

அப்படி ஒரு மருந்து இல்லை என்ற வாக்கியம் நாலே சொல். என் வாயில் வரவில்லை. 'இன்னும் பரிசோதனை நடந்துகிட்டு இருக்குண்ணா. ரெண்டு மூணு மாசம் ஆகும்' என்றேன்.

'ரெண்டு மாசம்தானே?' அவர் முகம் மலர்ந்தது. 'அதுவரைக்கும் அந்த மாத்திரைய நிறுத்தி வெச்சா புள்ள கொஞ்சம் தேறிக்குமா?'

'பாத்து செய்ங்கண்ணா' என்றேன்.

இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை, நம் தலையில் எதுவும் விழாது. என் செல்போன் எண்ணை வாங்கி, தன் எண்ணையும் எனக்குக் கொடுத்துவிட்டு, பையை மடித்துக்கொண்டு கிளம்பினார். உள்ளறையிலிருந்து வந்த அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

'அந்தாளு ஏன் சந்தோஷமா போறாரு? என்ன சொன்ன?'

சொன்னேன்.

'போய் கூட்டிட்டு வா.'

ஓடினேன். வாசலில் கீழ்பென்னாத்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். யாழினியின் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்து, கூச்சத்தோடு கும்பிட்டார். நான் நின்றேன். பத்து அடி தூரம். ஏறிப் போய் ஒரு நிமிஷம் பேசியிருந்தால் போதும். அந்தச் சிரிப்பு என் கண்ணெதிரே அணைவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. கையை உயர்த்தி ஆட்டினேன். பஸ் கிளம்பும்வரை நின்றுவிட்டு மேலே வந்தேன்.

'பஸ் போயிடுச்சுக்கா.'

'நம்பர் வாங்கினியா?'

'இல்லக்கா.'

சரி என்று போய்விட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல்கூட வந்தது, சீ. அவரைப் பிறகு ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று அன்று நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். ஒரு மாதம்வரை தினமும் நினைத்தேன், பிறகு நினைப்பதும் நின்றுபோனது. அவர் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

நாலு மாதம் கழித்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது. நானும் அக்காவும் மட்டும்தான் இருந்தோம். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ வடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று பேசினார்.

'நீங்க எனக்காக அவசரப்பட்டுகினு இருப்பீங்க, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி. பாப்பா போயிட்டா. மாத்திரைய நிறுத்தினதும் நல்லா ஆயிட்டா, முடிகூட மொளைச்சிச்சி. ரெண்டு மாசம் ஸ்கூலுக்குப் போனா. அப்புறம் திடீர்னு காய்ச்சல். இட்டுகினு போனதுக்கு, திரும்ப வந்துடுச்சி, கை மீறிப் போச்சினு சொல்லிட்டாங்க. நம்ம நேரம். உங்க மருந்து வர்றதுக்குள்ள போயிட்டா. நீங்க நிறுத்திடாதீங்க. மத்த புள்ளைங்களுக்காவது ஆவும்.'

கும்பிட்டுவிட்டுப் போனார்.

அக்கா திரும்பவில்லை. 'அன்னைக்கு பஸ் போகல' என்றாள். 'நின்னுட்டு இருந்துச்சு. நீ கை ஆட்டினத ஜன்னல்ல இருந்து பாத்தேன்.'

எனக்கு முதலில் அர்த்தமாகவில்லை. அர்த்தமானதும் அவள் மேஜைக்குப் போனேன். 'அப்ப நீங்க ஏன் சொல்லல? அந்த ஆஸ்பத்திரிப் பேப்பர்ல அவர் அட்ரஸ் இருந்துச்சே. நீங்க பாத்தீங்களே.'

'இருந்துச்சு. நான் நிறுத்தாதீங்கன்னு சொல்லிட்டேன். மிச்சம் நீ சொல்லணும். சொல்லுவேன்னு பாத்தேன்.'

'நாலு மாசமாவா?'

'ஆமா.'

'அந்தப் பொண்ணு என்ன உங்க சோடியம் டப்பாவாக்கா?'

அவள் கையில் இருந்த கண்ணாடிக் குடுவையை மேஜையில் வைத்தாள். அந்த வாரச் சனிக்கிழமைக் கூட்டத்தில் அவள் முறை வந்தபோது, எழுந்து நின்று நோட்டைத் திறந்து, அந்த வாரம் தன் கையில் உடைந்த ஒரு கண்ணாடிக் குழாயைப் பற்றி வாசித்தாள். வேறு எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. என் நோட்டிலும் எதுவும் இல்லை. சாரும் மற்றவர்களும் ஒன்றும் தெரியாமல் டீ குடித்தார்கள். அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அந்த டப்பா வார்த்தைதான். பட்டம் வாங்கிக்கொண்டு ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டாள். மருந்தில் கலப்படம் கண்டுபிடிக்கிற வேலையாம். அதற்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் இந்த உலகத்தில் கிடையாது. அவள்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அது ஆறிவிட்டால் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கும் பட்டம் கிடைத்தது. ஊரிலேயே ஒரு பள்ளியில் வேதியியல் வாத்தியார். யாழினியின் அப்பா இப்போது ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மகள் பெயரில் ஒரு பேனர் கட்டி, கிரிவலப் பாதையில் நீர்மோர் கொடுக்கிறார். எத்தனையோ இடம் இருக்க, எங்கள் அடி அண்ணாமலையில், அப்பா கடைக்கு நாலு கடை தள்ளி. என்னைப் பார்க்க வசதியாக இருக்கும் என்றுதானாம். பள்ளி விட்டு வரும்போது கூப்பிட்டு ஒரு டம்ளர் கொடுப்பார். டாக்டர் தம்பி என்பார். மூன்று வருஷமாக நான் அதை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

போன பௌர்ணமி சாயங்காலம், டம்ளர் என் கையில் இருக்கும்போது, வரிசையில் நின்ற ஓர் அம்மாவை அவர் என் முன்னால் இழுத்துவந்தார். இடுப்பில் ஆறு வயதுப் பையன். தொப்பிக்கு அடியில் மொட்டைத் தலை, மூக்கை மூடி ஒரு துணி.

'இந்தம்மா புள்ளைக்கும் அதேதான் தம்பி. நான்தான் சொன்னேன், நம்ம டாக்டர் தம்பி ஒண்ணு செஞ்சிகினு இருக்காருன்னு. இந்நேரம் வந்திருக்குமில்ல?'

'மாத்திரையே எறங்க மாட்டேங்குது சார் இவனுக்கு' என்றார் அந்த அம்மா. 'உங்களுது வந்துட்டா இத நிறுத்திடலாம்னு அண்ணன் சொல்றாரு.'

பையன் என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'அப்படி ஒரு மருந்து இல்லம்மா' என்றேன். 'ஆஸ்பத்திரி மாத்திரைய ஒரு வேளைகூட விடாதீங்க. வாந்தி எடுத்தாலும், அழுதாலும். நிறுத்தினா திரும்ப வரும். வந்தா காப்பாத்த முடியாமப் போயிடும்.' குரலில் ஈரமே இல்லை. யார் குரல் அது என்று எனக்குத் தெரிந்தது.

யாழினியின் அப்பா சிரித்தார். 'தம்பி எப்பவும் இப்படித்தான்மா. பெருமையா பேசத் தெரியாது.'

'இல்லண்ணா. நெஜமாவே இல்ல. எப்பவும் இருந்ததில்ல. அதுல செல்லைக் கொன்னது மயில்துத்தம். நீங்க வயலுக்கு அடிக்கிற அதே மயில்துத்தம். நீங்க மொத தடவ மாடியேறி வந்தப்பவே எனக்குத் தெரியும். சனிக்கிழம தெரிஞ்சுது. நீங்க வந்தது புதன்கிழம.'

'புதன்கிழம' என்றார் அவர். கையில் கரண்டி அப்படியே நின்றது. 'பஸ்ஸாண்ட வந்தீங்களே.'

'சொல்லத்தான் வந்தேன். சொல்லல.'

'கை காட்டினீங்களே.'

'ஆமா.'

அந்த அம்மா பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் விலகிப் போய்விட்டார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், மோர் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

யாழினியின் அப்பா என் கையில் இருந்த டம்ளரை வாங்கினார். பாதி மோர் மிச்சம் இருந்தது. அதைக் கீழே மண்ணில் ஊற்றினார். வாளித் தண்ணீரில் டம்ளரை அலசினார், இன்னொரு தடவையும் அலசினார், மோரை நிரப்பிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

'நகருங்க' என்றார். 'ஜனம் நிக்குது.'